பாட்டிலைப் பிடித்த கை

அந்த ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாட்டிலக்கா என்றால்தான் வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் தெரியும். பதினாறு வருஷம் அவசரப் பிரிவில் நர்ஸ். அரிவாள் வெட்டு, கத்திக்குத்து, போதையில் மண்டை பிளந்தது என்று அவள் பார்க்காத ரத்தம் இல்லை. அடிபட்டுப் படுத்திருக்கிறவனைக் கண்டு அவளுக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறானே அண்ணன், மாமன், மச்சான், அவன்தான் ஆபத்து. கண்ணு மண்ணு தெரியாமல் வருவான். எதிரில் வெள்ளைச் சட்டை தெரிந்தால் போதும், விளாசுவான்.

அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. குளுக்கோஸ் பாட்டிலை ஸ்டாண்டில் மாட்டமாட்டாள். வந்த கூட்டத்தில் எவன் அதிகம் குதிக்கிறானோ அவன் கையில் திணிப்பாள். "தலைக்கு மேல தூக்கிப் பிடி. இறக்குனா ரத்தம் குழாயில ஏறிடும்" என்பாள். அவ்வளவுதான், அவன் அடங்கிவிடுவான். பாட்டிலைப் பிடித்திருக்கிற கை யாரையும் அடிக்காது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத இந்த வித்தையை, வேலைக்குச் சேர்ந்த வருஷமே வாங்கிய ஒரு அறைக்குப் பிறகு அவளாகக் கண்டுபிடித்தாள்.

இப்படிப்பட்டவளைத் தூக்கி மேல்மாடியில் உட்கார வைத்தார்கள். மேற்பார்வையாளர் பதவி. முட்டி வலி வேறு இருந்ததால் அவளும் சரி என்றாள். யார் எந்த வார்டில் எந்த நேரம் என்று அட்டவணை போடுவதுதான் வேலை, அதைக்கூட ஒழுங்காகப் போட வரவில்லை. ஒரே நர்ஸை ஒரே நேரத்தில் இரண்டு வார்டில் போட்டாள். பிரசவ வார்டில் மூன்று பேருக்கும் ஒரே நாளில் லீவு கொடுத்துவிட்டுத் தானே ஓடினாள்.

"நாற்காலில உக்காந்து சம்பளம் வாங்குற. அதுவும் நோகுதா உனக்கு?" என்றான் புருஷன்.

"நோகலை. வரலைங்கிறேன்."

அந்த நாற்காலியில் இருந்துதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், "கூட வர்றவங்கள பாட்டில் பிடிக்க வைக்கிறீங்களாமே, இதென்ன ஆஸ்பத்திரியா சந்தையா?" என்று கேட்டுவிட்டார். அவளுக்கு மானம் போய்விட்டது. கீழே இருந்த காலமாயிருந்தால் அவரிடமும் ஒரு பாட்டிலைக் கொடுத்திருப்பாள். நாற்காலியோ ஆளை மாற்றிவிடுகிறது. பன்னிரண்டு இரும்பு ஸ்டாண்டுகள் வாங்கக் கையெழுத்துப் போட்டாள். உறவினர் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று தாளும் ஒட்டச் சொன்னாள்.

ஸ்டாண்டுகள் வந்த மூன்றாவது வாரம், காலை பதினொரு மணிக்கு, கீழே இருந்து அலறல் கேட்டது. அது வலியில் வருகிற அலறல் இல்லை, பயத்தில் வருவது. பதினாறு வருஷம் கேட்ட காதுக்கு வித்தியாசம் தெரியாதா? முட்டியை மறந்து படியிறங்கினாள்.

கதவு பெயர்ந்து கிடந்தது. உள்ளே மேசையில் வயிற்றில் குத்துப்பட்ட ஒரு பையன், இருபது வயதிருக்கும். அவனுடைய அண்ணன், முரட்டு ஆள், கையில் இரும்பு ஸ்டாண்டோடு நின்றான். அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிய ஸ்டாண்டு. அதைக் கொண்டு சின்ன டாக்டரின் தோள் எலும்பை முறித்திருந்தான். டாக்டர் மேசைக் காலடியில் சுருண்டு கிடந்தார். அவள் இடத்துக்கு வந்த புது நர்ஸ் மருந்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கியிருந்தாள், காதுக்குப் பின்னால் ரத்தம் வடிந்தது. அண்ணன் மறுபடி ஸ்டாண்டை ஓங்கினான். வாட்ச்மேன் வாசலிலேயே உறைந்துபோயிருந்தான்.

குளுக்கோஸ் பாட்டில் தரையில் உருண்டு கிடந்தது. குழாய் இன்னும் பையன் கையில்தான் இருந்தது. அவள் பாட்டிலை எடுத்து நேராக அண்ணனின் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

"இதைப் பிடி. தூக்கிப் பிடி. தம்பி வேணுமா வேண்டாமா?"

ஸ்டாண்டு டணாரென்று விழுந்தது. அவன் இரண்டு கையாலும் பாட்டிலை வாங்கித் தலைக்கு மேல் தூக்கினான்.

அவள் பையனின் வயிற்றை ஒரு கையால் அழுத்தி, இன்னொரு கையைக் கழுத்தில் வைத்தாள். நாடி இல்லை. நெஞ்சில் காதை வைத்தாள், கண்ணைப் பிரித்துப் பார்த்தாள். எல்லாம் முடிந்திருந்தது. அதைச் சொன்னால், டாக்டரும் நர்ஸும் செத்தார்கள். சொல்லாமல் அழுத்திக்கொண்டே, வாட்ச்மேனுக்குக் கண்ணைக் காட்டினாள். அவன் டாக்டரை இழுத்துப் போனான். திரும்பி வந்து நர்ஸைத் தூக்கிப் போனான்.

"அக்கா, கை வலிக்குது. மாத்திக்கவா?"

"மாத்திக்க. இறக்காம மாத்து."

குழந்தையைக் கைமாற்றுகிற மாதிரி அவன் பாட்டிலை மெதுவாகக் கைமாற்றினான். வெளியே அடுத்த அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும், அவள் அவன் கையிலிருந்து பாட்டிலை வாங்கினாள்.

"தம்பி போயிட்டான்பா."

"எப்போ?"

பொய் சொல்லியிருக்கலாம். "நீ இதை வாங்கும்போதே" என்றாள்.

அவன் விட்ட குத்தில் அவளுடைய இரண்டு பல் தெறித்தது. சுவரில் மோதி உட்கார்ந்தாள். இரண்டாவது குத்தும் விழும் என்றுதான் காத்திருந்தாள். அவன் தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு ஊளையிட்டு அழுதான். போலீஸ் வந்தபோதும் அப்படியேதான் இருந்தான்.

வீங்கின வாயோடு பெரிய டாக்டர் முன்னால் கடிதத்தை வைத்தாள். அவசரப் பிரிவுக்கே திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாள்.

"கிடைச்ச பதவியை யாராவது திருப்பிக் குடுப்பாங்களா? அடி வாங்கவா கீழ போறீங்க?"

"மேல இருந்து நான் போட்ட கையெழுத்துக்கு அவங்க ரெண்டு பேர் அடி வாங்கினாங்க சார். என் அடியை நானே வாங்கிக்கிறேன்."

ஸ்டாண்டுகள் மற்ற வார்டுகளுக்குப் போயின. பழைய மேசைக்கே அவளும் வந்தாள்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒருநாள் மத்தியானம், வாந்திபேதியில் துவண்டுபோன தாயைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த அண்ணன் வந்தான். ஜெயிலிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அவளுடைய நாக்கு தானாகப் பல் போன இடத்தைத் தடவியது. அம்மாவின் கையில் ஊசி ஏற்றி, பாட்டிலை எடுத்தாள். கொடுப்பதா வேண்டாமா என்று முதல் தடவையாக அவளுக்குத் தெரியவில்லை.

அவனே கையை நீட்டினான். வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான்.

"இந்தத் தடவை நிஜமாத்தான் பிடிக்கிறேனாக்கா?"

அவள் குழாயை விரலால் சுண்டிவிட்டாள். "சொட்டு இறங்குது பாரு" என்றாள்.

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான், பாட்டில் காலியாகும் வரைக்கும்.