ஏரிக்கரைப் பூங்காவில் யாருக்குப் புல்?

மானாம்பதி ஏஞ்சலுக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு மெஷினைப் பார்த்துக்கொள்வது. கவிழ்த்துவைத்த அன்னக்கூடை போலிருக்கும் அது, உத்திரமேரூர் ஏரிக்கரைப் பூங்காவில் நாள் முழுக்கத் தானாக ஊர்ந்து புல் வெட்டும். பெட்ரோல் வேண்டாம், புகை இல்லை, வெயிலில் சார்ஜ் ஏறும். ஓரத்தில் மண்ணுக்குள் புதைத்த கம்பியைத் தாண்டிப் போகாது.

கழனி வேலை செய்யும் அவள் அப்பா ஜான்சனின் வீட்டில் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். படித்துவிட்டு என்ன வேலை என்று யாராவது கேட்டால், என்ன சொல்வதென்று அவளுக்கே தெரியவில்லை. அதுவும் நிச்சயமில்லாத வேலை. மாதக் கடைசியில் புல் சீராக இல்லையென்றால் மெஷின் வேறு ஊருக்குப் போய்விடும், அவளும் வீட்டில் இருக்கவேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் வசந்த்குமார் சொல்லியிருந்தார்.

அப்படியிருக்க, ஒருநாள் காலை மெஷின் மல்லாக்கக் கிடந்தது. மறுநாளும் அதே கதை. நாயா, குடிகாரனா? கோபத்தைவிட, யார், எதற்கு என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் அவளுக்கு அதிகம். அடுத்த நாள் பொழுது விடியும்போதே வந்து புங்கமரத்தடியில் நின்றாள்.

வந்தவள் ஏரிக்கரைத் தெரு செங்கேணி. இடுப்பில் அரிவாள், தோளில் சாக்கு. மெஷினை இரண்டு கையாலும் பதமாகத் தூக்கி மல்லாத்தினாள்.

"இன்னாக்கா பண்ற?"

செங்கேணி பதறவில்லை. "பாத்தா தெரியல? எந்நேரமும் மேஞ்சிக்கினே கீது. என் மாடு இன்னாத்த துன்னும்?"

"அது துன்னலக்கா. பொடியா வெட்டி அங்கியே போடுது. மண்ணுக்கு எருவாவும்."

"மண்ணு வந்து பால் கறக்குமா, பாப்பா?"

ஏஞ்சலுக்குச் சிரிப்பு வந்தது. செங்கேணியிடமே விசாரித்தாள். முன்பெல்லாம் பூங்காவில் புல் வளர்ந்தால் இந்தத் தெருப் பெண்கள்தான் அறுத்துக்கொண்டு போவார்களாம். மெஷின் வந்தபின் புல் தலை தூக்கவே இல்லை. மண்ணுக்கு நல்லது, காற்றுக்கு நல்லது என்று பயிற்சியில் சொன்னார்கள்; மாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. மெஷின் வருமுன் இந்தப் புல் எங்கே போனது என்று, தானும் ஏன் கேட்கவில்லை?

அன்றே ஏரிப்பக்கச் சரிவில் எல்லைக் கம்பியைப் பிடித்திருந்த முளைகளைப் பிடுங்கி, கம்பியை உள்ளே தள்ளிப் பதித்தாள். சமதளம் மெஷினுக்கு, சரிவு மாடுகளுக்கு. அதற்குப் பிறகு மெஷினை யாரும் தொடவில்லை.

மாதக் கடைசியில் வந்த வசந்த்குமார், சரிவில் முழங்கால் உயரத்துக்கு நின்ற புல்லைக் காட்டி விசாரித்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "சரிவுல மெஷின் சறுக்குதுன்னு ரிப்போர்ட்ல போட்டுடறேன். உனக்கும் பிரச்சினை வராது."

சரி என்றால் வேலை தங்கும். ஆனால் சறுக்காத சக்கரம் வாங்கி மாட்டிவிட்டால், சரிவுப் புல்லும் மெஷினுக்குப் போய்விடுமே?

"சறுக்கல சார். மாட்டுக்கு விட்டிருக்கேன். அப்படியே போடுங்க."

"வேலை போனா என்னைக் கேக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு, அவள் சொன்னபடியே எழுதினார்.

ரிப்போர்ட்டுக்குப் பதில் வரும்வரை ஏஞ்சல் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பேரூராட்சியிலிருந்து ஒரு போன்: மெஷின் இருக்கட்டும், சரிவும் இருக்கட்டும், ஆனால் நடைபாதையில் புல் சாயக்கூடாது; அதற்குப் பொறுப்பு அவள்தான்.

இப்போது சரிவில் புல் மண்டினால், ஏஞ்சல் செங்கேணி வீட்டு வாசலில் போய் நின்று அரிவாளோடு வரச்சொல்லிக் கூப்பிடுகிறாள்.