வெட்டாமல் விட்ட கிளை

கலஹாவில் தோட்ட நிர்வாகம் எங்கள் குடும்பத்துக்குப் பராமரிக்கக் கொடுத்திருந்த தேயிலை நிலத் துண்டைக் கவ்வாத்து வெட்டப்போவதாக, அதாவது செடிகளின் கிளைகளை எல்லாம் கட்டையாகக் குறைக்கப்போவதாக, அப்பா சொன்னார். அந்த ஞாயிறு நான் நான்கு செடிகளின் அடியைத் தோண்டி, பென்சில் தடிப்பு வேர்களை நறுக்கி, அயோடின் தடவினேன். மாச்சத்து இருந்தால் வேர் கறுக்கும். மூன்று கறுக்கவில்லை.

"காயமே இல்லாத செடிக்கு மருந்து கட்டத்தான் கண்டியில போய்ப் படிச்சியா புள்ள?" என்று அப்பா சிரித்தார்.

விளக்கிச் சொன்னேன். இலை செய்யும் சர்க்கரை, பட்டைக்குள் இருக்கும் நுண்குழாய்களில் நீரில் கரைந்து ஓடுகிறது. பாடத்தில் அதற்கு உரியம் என்று பெயர். எது அதிகம் இழுக்கிறதோ அங்கே அது போகும். ஓயாமல் கொழுந்து பறித்தால் புதிய துளிரே எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும், வேருக்கு வராது. வெட்டிய பிறகு செடியில் இலை இராது. அப்போது வேரில் சேர்ந்திருப்பதுதான் மேலே ஏறித் துளிரைக் கொடுக்க வேண்டும். இவற்றின் வேரில் ஒன்றுமில்லை.

"ரெண்டு மாசம் பறிக்காம விட்டு அப்புறம் வெட்டுங்கப்பா."

"இப்பவே குனிய முடியல. ரெண்டு மாசம் போனா இந்த முதுகு வெட்டுறதுக்குத் தாங்காது."

கடைசியில், செடிக்கு ஒரு கிளையை இலையோடு விட்டுவைக்க ஒப்புக்கொண்டார். அது வேருக்குச் சோறு அனுப்பும். அப்பாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: கத்தி கூராக இருக்க வேண்டும், வெட்டு சாய்வாக விழ வேண்டும், ஒரு கிளை நிற்க வேண்டும், வெட்டிய தண்டுகளை வெயில் படாமல் தழையால் மூட வேண்டும்.

பிறகு கண்டிப் பக்கம் அம்பிட்டியவில் தங்கியிருந்த அறைக்குத் திரும்பினேன். ஆறு வாரம் வேலை என்னை வர விடவில்லை.

வந்து பார்த்தபோது விட்ட கிளை ஒவ்வொன்றிலும் நுனி இல்லை. முற்றிய இலை நாலைந்துதான் இருந்தன. சில செடிகளின் தண்டை நகத்தால் சுரண்டினேன். பச்சை இல்லை; செத்திருந்தன.

அம்மா கொழுந்துக் கூடையோடு பின்னால் நின்றார். "துளிர் வந்துச்சு, எடுத்தேன். வாரா வாரம் எடுத்தேன். விட்டா முத்திப்போயிடுமே?"

"அது வேருக்குன்னு விட்டதும்மா."

"எங்கிட்ட யாருடி சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நான் எழுதிய நான்கு வரியும் வெட்டுகிறவருக்கானவை. அந்த மலையில் தினமும் செடியைத் தொடுகிற கை அம்மாவுடையது.

செத்த செடிகளை அப்பா எண்ணவில்லை. அம்மா லயத்தில் இருக்கும் எங்கள் அறைக்குப் போய், பழைய சேலையைக் கிழித்துக்கொண்டு வந்தார். உயிரோடிருந்த ஒவ்வொரு செடியின் கிளையிலும் ஒரு துண்டு கட்டினார்.

"பறிக்கக் கூடாதுன்னு இப்ப எனக்குத் தெரியும். இந்தக் கைக்குத் தெரியாது," என்றார்.