இபு நானிக்கின் சீடி திக்கிய இடம்

ஜாவாத் தீவின் சலாத்திகாவில் அந்தத் தெருப் பெண்களுக்கு இபு நானிக் என்றால் கொஞ்சம் பயம், நிறைய பிரியம். இபு என்றால் அங்கே அம்மா; மகள், புருஷன், தெரு எல்லோருக்கும் அவர் இபுதான். காலையில் பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிக் கடையில் சோயா வில்லையான தெம்பே பொரித்துக்கொண்டே பிள்ளைகளை அதட்டுவார். வெள்ளிக்கிழமை ஆனால் தெருப் பெண்களை வரிசையாக நிறுத்தி, பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செய்ய வைப்பார். உடம்பு கனம்தான். பாட்டு வந்துவிட்டால் அந்தக் கனம் எங்கே போகிறதோ தெரியாது.

அப்பேர்ப்பட்ட மனுஷிக்கு ஒரே ஒரு அவமானம். போன வருடம் சுதந்திர தினப் போட்டியில், ஆட்டத்தின் நடுவில் டேப் நாடா சிக்கிக்கொண்டது. தூக்கிய கையோடு பெண்கள் அத்தனை பேரும் மேடையில் விழித்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்துத் தெரு அணியின் தலைவி இபு தார்தி, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி, "இது எக்ஸர்சைஸா, போலீஸ்ல சரணடையறதா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து சந்தையில் யாராவது கையைத் தூக்கினாலே இபு நானிக்குக்குக் கன்னம் சுடும். இந்த வருடம் அந்தச் சிரிப்பை நிறுத்தியே ஆக வேண்டும்.

ஆகவே இந்தத் தடவை டேப்பே கிடையாது, சீடி. பாட்டுகளை அதில் தானே எழுதிக்கொள்வதாக முடிவு. ஸ்மாராங்கில் படிக்கப் போன மகள் விட்டுப்போன கம்ப்யூட்டர், குரோஷா பின்னல் உறையைப் போர்த்திக்கொண்டு முன்னறையில் சும்மாதானே கிடந்தது.

முதல் சீடி கம்ப்யூட்டரில் தேனாகப் பாடியது. வீட்டிலிருந்த பழைய சீடி பிளேயரில் போட்டால் வாயே திறக்கவில்லை. மகளுக்குப் போன் போட்டார்.

"நீங்க ஃபைலை அப்படியே காப்பி பண்ணிட்டீங்க இபு. மியூசிக் சீடின்னு தனியா ஒண்ணு இருக்கும், அதை அமுக்கி ரைட் பண்ணுங்க. ரைட் ஆகும்போது மேசையை ஆட்டாதீங்க."

இரண்டாவது சீடி பாதி எழுதியிருக்கும்போது டப் என்று வீடே இருண்டது. அந்த வீட்டுக்கு மின்சாரம் அளந்துதான் வரும். கம்ப்யூட்டர் ஓடும்போது இஸ்திரிப் பெட்டியையும் போட்டால் மெயின் சுவிட்ச் விழுந்துவிடும்.

"தீனுக்! இஸ்திரியை யாருடீ போடச் சொன்னா?"

"சட்டையெல்லாம் கசங்கிக் கிடக்கே இபு," என்றாள் அணியிலேயே இளையவளான தீனுக், ரோஸ் சட்டையைக் காட்டி. "கசங்கின சட்டையோட எப்படி ஜெயிக்கிறது?"

மூன்றாவதை அவசரப்பட்டு அதிக வேகத்தில் எழுதினார். அது பாட்டுக்குப் பதில் கர்ர் என்று உறுமியது. கெட்டுப்போன சீடியெல்லாம் புருஷன் பாக் வோதோவுக்குத்தான் லாபம். குருவி விரட்ட மிளகாய்ச் செடியில் கட்டித் தொங்கவிட்டார்.

"இன்னும் ஒண்ணு கெடுத்துக் குடேன் இபு. தக்காளிக்கு ஒண்ணு குறையுது."

போட்டி நாள் காலையில் கையில் மிஞ்சியது ஒரே ஒரு வெற்றுச் சீடி. சுதந்திர தினம், கடையெல்லாம் சாத்திக் கிடந்தது. இபு நானிக் வீட்டுக்குள் ஊரடங்கு போட்டார். இஸ்திரி கூடாது. சோறு வைக்கிற குக்கர் கூடாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் மோட்டார் தானாக ஓடும், அதனால் குளியலறையும் கூடாது.

"அவசரம்னா?" என்று கேட்டார் பாக் வோதோ.

"தார்தி வீட்டுக்குப் போங்க."

ஆகக் குறைந்த வேகத்தை வைத்து அமுக்கினார். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. கூடியிருந்த பெண்களுக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

"வாயாலயே பாடி ஒரு ஒத்திகை பார்த்துடலாமா இபு? வாய்க்குக் கரண்ட் வேணாமே," என்றாள் தீனுக்.

இபு நானிக்குக்கும் கால் துறுதுறுவென்றது. "குதிங்கடீ!" என்று தானும் சேர்ந்து குதித்தார். தரை குதித்தது, ஜன்னல் குதித்தது, கம்ப்யூட்டர் மேசையும் குதித்தது. மகள் சொன்னது யாருக்கும் நினைவு வரவில்லை.

எழுதி முடித்துப் பிளேயரில் போட்டதும் சீடி பாடியது. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் அது திக்கியது: "டிங்கி, டிங்கி, டிங்கி." பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்ந்தது. திரும்பப் போட்டாலும் அதே இடம், அதே மூன்று டிங்கி.

பாக் வோதோ கையை நீட்டினார். "தக்காளிக்கு."

"கையை எடுங்க!" இபு நானிக் இடுப்பில் கை வைத்து யோசித்தார். பிறகு அந்த இடுப்பையே ஆட்டினார். "அது திக்கற இடத்துல நாமளும் திக்குவோம்டீ. மூணு டிங்கிக்கு மூணு ஆட்டு. அப்புறம் விட்ட இடத்துலேருந்து."

மத்தியானம் வரை ஆடிப் பார்த்தார்கள். சிரித்துச் சிரித்துத் தீனுக் சோபாவிலிருந்து உருண்டே விழுந்தாள்.

போட்டியில் வைத்திருந்ததோ புத்தம் புது பிளேயர். முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு, எல்லாம் கச்சிதம். மூன்றாவதில் அந்த இடம் வந்தது. பிளேயர் திக்கவே இல்லை! வழவழவென்று பாடிக்கொண்டே போயிற்று. பழகிப்போன இடுப்புகள் மட்டும் மூன்று முறை ஆடின. பாட்டு முன்னே, பெண்கள் பின்னே. முன்வரிசையில் இபு தார்தி வாயைத் திறக்கத் தயாரானார்.

இன்னொரு வருடம் அந்தச் சிரிப்பை இபு நானிக்கால் தாங்க முடியாது. சிற்றுண்டிக் கடைக் குரலை அப்படியே எடுத்து விட்டார்.

"பாட்டை விடுங்கடீ! என்னைப் பாருங்க! டிங்கி! டிங்கி! டிங்கி!"

பெண்கள் அவர் குரலைப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டத்துப் பிள்ளைகளும் டிங்கி டிங்கி என்று பிடித்துக்கொண்டன. சீடி முடிந்துபோனது, ஆட்டம் முடியவில்லை. கடைசியில் ஒரு பாட்டும் இல்லாமல், போன வருடம் நின்ற அதே மாதிரி, எல்லோரும் கையைத் தூக்கி நின்றார்கள். ஊரே கைதட்டியது. இபு நானிக் அழுதுகொண்டே சிரித்தார்.

முதல் பரிசான மின்விசிறி இபு தார்தி அணிக்குப் போனது. இவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பேசின்.

மறுநாள் சந்தையில் மிளகாய்க்காரி முன்னால் இபு தார்தி நின்றிருந்தார். இபு நானிக்கைப் பார்த்ததும் மெல்லக் கையைத் தூக்கினார். இவருக்குக் கன்னம் சுட ஆரம்பித்தது.

"டிங்கி," என்றார் இபு தார்தி, மின்விசிறி ஜெயித்த அந்த இடுப்பை ஆட்டி. "சரியா வருதா பாருங்க இபு. ராத்திரியெல்லாம் ஆடிப் பார்த்தேன்."

"இன்னும் கொஞ்சம் கீழே இறங்கணும்," என்று சொல்லி, இபு நானிக் கூடையைத் தரையில் வைத்தார்.