மூன்று வருடத்து மணம்

எனக்குப் பத்து வயதாக இருந்த அந்த வருடம் முழுவதும் மாமாவின் பிரெஞ்சு மொழி நான்தான். மாமா என்றால் அம்மாவின் தம்பி. வன்னியில் சண்டை முடிந்து, முகாமில் இருந்து, பிறகு எங்கெங்கோ சுற்றி, பிரெஞ்சுத் தலைநகரில் லா சப்பல் பகுதியில் எங்கள் வீட்டுச் சோபாவுக்கு வந்து சேர்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு போன்ஜூரும் மெர்சியும், இரண்டுக்கும் நடுவில் ஒரு சிரிப்பும். கடிதம் வந்தாலும், மருந்துக் கடையில் ஏதும் கேட்க வேண்டியிருந்தாலும் என்னைத்தான் கூட்டிப்போவார். அதை நான் ஒரு பதவியாக நினைத்திருந்தேன். அலுப்பு வந்தால் பாதியை மட்டும் சொல்லி முடித்துவிடுவேன். யாருக்குத் தெரியப்போகிறது?

மாமா ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவினார். வேட்டைக் காலத்தில் முதலாளியின் தமையன் தன் கிராமத்திலிருந்து காட்டுப்பன்றி கொண்டுவந்து போடுவார். ஒருநாள் அதை உரிக்கச் சமையற்காரர் திணறியபோது, மாமா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கத்தியை வாங்கி, தோலில் ஒரு கீறல் விழாமல் உரித்துக் கொடுத்திருக்கிறார். வன்னிக் காட்டில் நாய்களோடு பன்றிக்குப் போய் வளர்ந்த மனிதர் அவர் என்பது அதுவரை அங்கே ஒருவருக்கும் தெரியாது. பன்றி கொண்டுவந்த அந்தக் கிழவர் மாமாவின் தோளில் தட்டி, தன்னுடைய நாயைப் பார்க்க வரச்சொன்னார். மாமாவுக்கு விளங்கியது கிழவர் குரைத்துக் காட்டிய நாய் மட்டும்தான். ஆனால் அடுத்த ஞாயிறே, அவர் விலாசம் எழுதித் தந்த துண்டோடு என்னையும் இழுத்துக்கொண்டு மொம்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறிவிட்டார்.

அப்படி ஒரு நாயை நான் அதற்கு முன் கண்டதில்லை. காது இரண்டும் தாடைக்குக் கீழே தொங்கின. நெற்றித் தோல் சுருங்கிச் சுருங்கிக் கண்ணுக்கு மேல் விழுந்திருந்தது. கீழ் இமை சிவந்து, இப்போதுதான் அழுது முடித்ததுபோல ஒரு முகம். கால்கள் மட்டும் அந்த முகத்தோடு சேராமல் மெலிந்து நீண்டிருந்தன. பாதி சேன்த் உபேர், அதாவது ஆங்கிலத்தில் பிளட்ஹவுண்ட் என்கிறார்களே, அந்த இனம். மறுபாதி வேகமாக ஓடும் வேறொரு வேட்டை நாய். அசலானதற்கு மூக்கு உண்டு, ஆனால் உடம்பு பாரம், மதியத்துக்குள் களைத்துவிடும், வாய் திறந்து குரைக்கவும் மாட்டாது என்றார் கிழவர். காலும் குரலும் வேண்டித்தான் கலந்தார்களாம். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல மாமா நாயின் காதைக் கையில் ஏந்தித் தடவிக்கொண்டே இருந்தார்.

மிருகத்தைத் துரத்திக் கொல்வது அந்த நாயின் வேலையல்ல. வேட்டைக்காரர்கள் சுட்டு, காயத்தோடு தப்பி ஓடிய மிருகத்தை அடுத்த நாள் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அன்றைக்கும் அப்படி ஒன்று இருந்தது. முதல் நாள் மாலையில் ஒரு பன்றி அடிபட்டு மறைந்திருந்தது. அடிபட்ட இடத்தில் ஒரு கிளையை முறித்து அடையாளம் வைத்திருந்தார்கள். சருகில் மிளகளவு இரத்தம். கிழவர் நீண்ட தோல் வாரைக் கட்டி நாயை அங்கே விட்டார். நாய் மூக்கைத் தரையில் வைத்தது. அதன்பிறகு எங்களில் ஒருவரையும் அது திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தடவை வாரை என் கையிலும் தந்தார்கள். தோளே கழன்றுவிடும்போல இழுத்தது. ஓடையைக் கடந்து, முள்ளுக்குள் புகுந்து, ஒன்றரை மணித்தியாலம் கழித்து, ஒரு பள்ளத்தில் செத்துக் கிடந்த பன்றியின் முன்னால் நின்று அது குரல் கொடுத்தது. கிழவர் தொப்பியைக் கழற்றினார். மாமா குந்தியிருந்து பன்றியையல்ல, நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணம் எத்தினை நாளைக்கு நிக்கும் எண்டு கேள் பிள்ளை."

கேட்டேன். பன்றியென்றால் ஒரு நாள், இரண்டு நாள் என்றார் கிழவர். மனிதரென்றால் ஏழு நாள், ஒரு முழுக் கிழமைக்குப் பிறகும் பிடித்த நாய்கள் உண்டாம், மழை பெய்யாவிட்டால். மாமா நாயின் நெற்றிச் சுருக்கத்தை விரலால் நீவினார்.

"மூண்டு வருசம் எண்டால்?"

என் சப்பாத்துக்குள் தண்ணீர் போயிருந்தது. பசித்தது. அதோடு, வாரைப் பிடித்தபின் அந்த நாய் எனக்குப் பாதி சொந்தமாகிவிட்டிருந்தது. அதற்கு ஏலாதென்று ஒருவர் சொல்வதை நான் விரும்பவில்லை. நான் கிழவரிடம் கேட்கவேயில்லை.

"ஓம் மாமா, பிடிக்குமாம்" என்றேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு மாமா மீண்டும் என்னை ரயிலேற்றினார். இந்த முறை வேட்டை இல்லை. கிழவரின் வீட்டு முற்றத்தில் நின்று, ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு, இரண்டு முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை ஒன்றை வெளியே எடுத்தார். முடிச்சை அவிழ்க்க நிறைய நேரம் எடுத்தது. உள்ளே மடித்தபடி ஒரு வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை. சட்டைப் பையில் நீல மை ஊறியிருந்தது.

அது மாமாவின் மகனான என் மச்சானின் சட்டை என்பது எனக்கு உடனே தெரிந்தது, அவனை நான் அந்தச் சட்டையோடு நிற்கும் படத்தில் மட்டுமே பார்த்திருந்தாலும். மாமி எறிகணைச் செல்லடியில் இறந்துபோனதும், சண்டையின் கடைசி நாட்களில் சனம் நீரேரியைக் கடந்தபோது நெரிசலில் மாமாவின் கையிலிருந்து அவன் விடுபட்டுப் போனதும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அவனைப் பற்றிச் சொல்லும்போது பெரியவர்கள் காணாமல் போனவன் என்பார்கள். என் பள்ளிக்கூடத்தில் காணாமல் போன பொருட்களுக்கென்று ஒரு பெட்டி இருந்தது. என் கையுறைகளை நான் அதற்குள்ளிருந்துதான் எடுத்துவருவேன். ஆகவே அந்தச் சொல்லில் எனக்குப் பயமாக ஒன்றும் தெரிந்ததில்லை.

"முதல்ல மணம் இருக்கோ எண்டு நாய் பாக்கட்டும். சொல்லு பிள்ளை."

சொன்னேன். யாருடைய சட்டை என்று கேட்டார் கிழவர். மாமாவின் மகனுடையது என்றேன். மகன் எங்கே? காணவில்லை. எவ்வளவு காலமாக? மாமாவுக்கு அந்தக் கேள்வி எப்படியோ விளங்கி, மூன்று விரல்களைக் காட்டினார்.

கிழவர் என்னைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார். ஏலாதென்று அவர் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்குள் போய்த் தோல் வாரைக் கொண்டுவந்து, உண்மையான வேட்டைக்குப் போவதுபோலவே ஒவ்வொரு கொளுக்கியாக மாட்டினார். பிறகு மாமாவிடமிருந்து பையை இரண்டு கையாலும் வாங்கி, நாயின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார்.

நாய் மூக்கை உள்ளே நுழைத்து நெடுநேரம் வைத்திருந்தது. பையின் பக்கங்கள் அதன் மூச்சுக்கு ஒட்டி ஒட்டி விலகின. பிறகு தலையை எடுத்து, முற்றத்தை ஒருமுறை சுற்றி, வாசல் படலையடிக்குப் போனது. மாமா அதன் பின்னால் இரண்டடி வைத்தார். நாய் நின்றது. திரும்பியது. நேராக வந்து, சேற்றுக் கால்கள் இரண்டையும் மாமாவின் நெஞ்சில் ஊன்றி, காடு முழுக்கக் கேட்பதுபோல ஒரு குரல் கொடுத்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழவர் சிரிக்கவில்லை. என்னிடம் குனிந்து, இதை ஒரு சொல்லும் விடாமல் சொல் என்று தொடங்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக நானும் ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

"மாமா, நாய் பிழை விடேல்லையாம். நீங்கள் கனகாலம் கையில வச்சிருந்ததால, இதில இப்ப உங்கட மணம் மட்டும்தான் இருக்காம்."

"ஓம்" என்றார் மாமா. நாயின் கால்களை மெதுவாக இறக்கிவிட்டார். சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். முடிச்சுப் போடவில்லை.

திரும்பும் ரயிலில் அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தார். தோள் குலுங்கியது. நாய் தோற்றுப்போனதால்தான் அழுகிறார் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதலைச் சொன்னேன்.

"அது கலப்பு நாய்தானே மாமா. அசலெண்டால் கண்டுபிடிச்சிருக்கும்."

அவர் திரும்பி என் தலையில் கையை வைத்தார். "ஓம் பிள்ளை. அசலெண்டால் பிடிச்சிருக்கும்."

அவரைத் தேற்றிவிட்டேன் என்ற பெருமையோடு மொம்பர்னாஸ் வரும்வரை தூங்கினேன்.

மாமா இப்போது ஆர்ஜொந்தெய் என்ற புறநகரில் தனியாக இருக்கிறார். அந்தக் கேள்வியை நான் கிழவரிடம் கேட்கவேயில்லை என்பதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை. சொல்லத்தான் வேண்டுமா என்பதும் தெரியவில்லை. நாய்களோடு காட்டில் வளர்ந்தவர் அவர். மூன்று வருடத்து மணத்தை எந்த நாயும் பிடிக்காது என்பது என்னைவிட, கிழவரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அகதியாக வந்தவருக்கு அந்த மண்ணுக்குத் திரும்பிப் போகவும் வழி கிடையாது. இவ்வளவும் தெரிந்த மனிதர், பசியில் நின்ற ஒரு பத்து வயதுப் பிள்ளை வாய்க்கு வந்தபடி சொன்ன ஓமைப் பிடித்துக்கொண்டு இரண்டு கிழமை உயிரோடு இருந்திருக்கிறார். அவருக்கு என் ஓம் எவ்வளவு தேவைப்பட்டது என்பது அன்று எனக்குத் தெரியாது.