இடது டயரில் குறைந்த காற்று

என் டயர் கடையில் டிராக்டர் டயர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சேவியரின் மனைவி போன் செய்தார். "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே," என்றார். மாரடைப்பு. கையிலிருந்த லீவரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

உங்களில் பலருக்கு அவன் வெல்டிங் பட்டறைக்காரன். எனக்கு மண் பந்தயக் கார் கட்டுகிறவன். ஒரே வயது எங்களுக்கு. "அவர்" என்று எழுதினால் எழுந்து வந்து திட்டுவான்.

அகரம் பக்கத்துத் தரிசில் நாங்கள் ஓட்டிய கார் முழுக்க அவன் வளைத்துப் பற்றவைத்த குழாய்ச் சட்டம், அதாவது சேஸிதான். ஓட்டுவது நான். சேஸி ஆடுகிறதே, குறுக்கே இன்னொரு குழாய் வை என்று நச்சரிப்பேன். "அம்புட்டும் விறைப்பா இருந்தா சக்கரம் மண்ணை விட்டு எந்திரிச்சிரும் மாப்ள. செத்த வளைஞ்சு குடுக்கணும்," என்பான். தண்ணீர் லாரி தெளித்துவிட்டுப் போனதும் செருப்பைக் கழற்றிப் போட்டுத் தடத்தை ஒரு சுற்று நடப்பான். குதிகால் எவ்வளவு புதைகிறதோ அதை வைத்துத்தான் ஸ்பிரிங்கும் டயர் காற்றும் முடிவாகும். என்ன நேர்த்திக்கடனா என்று கேலி செய்திருக்கிறேன்.

எங்கள் தடத்தில் எல்லா வளைவும் இடப்பக்கம். அதனால் பின்பக்க இடது டயரில் காற்றைக் குறைத்து வைப்பான். வலது டயர் பெரிதாக நிற்கும், வண்டி தானாக இடப்பக்கம் இழுக்கும்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து எல்லாம் சரிபார்த்துவிட்டு டீ குடிக்கப் போனான். டயர் கடைக்காரன் கை சும்மா இருக்குமா? இரண்டு பக்கமும் ஒரே காற்று என்பதுதான் என் பிழைப்பே. இடது டயரை நிரப்பி வலதுக்குச் சமமாக்கினேன். முதல் வளைவில் வண்டி திரும்பவில்லை. நேரே தடத்தின் ஓரத்து மண்கரையில் ஏறிக் கவிழ்ந்தது.

சேஸி செய்யச் சொல்லலாம் என்று பழனியிலிருந்து வந்திருந்தவர், "ஏனுங்க, உங்க வண்டி திரும்பவே மாட்டேங்குதுங்களே," என்று அவனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். தோள் எலும்பு முறிந்து படுத்திருந்த நான் அதைக் கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. வலி என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வலியில்லை, வெட்கம்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான். "ரெண்டுலயும் ஒரே காத்து இருந்துச்சு," என்றான். களத்திலேயே அளந்து பார்த்திருக்கிறான். நான் அழுதுவிட்டேன். அவன் தன் காற்று கேஜை எடுத்துக் கட்டிலில் வைத்தான்.

"இனிமே காத்து நீயே பாரு. ஏன் கொறைக்கிறோம்னு ஒன்னைய விடத் தெரிஞ்சவன் எவன் இருக்கான்?"

அதன்பின் அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும். கவிழ்ந்த சேஸி என்ற பெயர் அவனுக்கு நிலைத்துவிட்டது. அவனை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில்கூட ஒருவர் அதைச் சொன்னார். அன்றைக்கே பழனிக்காரரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். இத்தனை நாள் ஏனுங்க சொல்லலை என்று கேட்டார்.

இப்போது உங்களிடம் சொல்கிறேன். சேவியர் கட்டிய சேஸி கவிழவில்லை, நான் கவிழ்த்தேன். கவிழ்த்தவனை நம்பி அவன் கொடுத்த கேஜ் என் சட்டைப் பையில் இருக்கிறது. அடுத்த பந்தயத்தன்று செருப்பைக் கழற்றிவிட்டு நான் நடப்பேன்.