மூன்று டன் சக்களத்தி

கல்யாணமாகி மூன்றாவது நாளே தையல்காரிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

சர்க்கஸ் கூடாரத்தின் கிழிசலைத் தைத்துக்கொடுக்க வந்தவள் அவள். வந்த இடத்தில் முதலாளியின் மூத்த மகனுக்குப் பிடித்துப்போய், தையல் மெஷினும் கையுமாக அந்தக் குடும்பத்துக்கே மருமகளாகிவிட்டாள். மாமியார் வாசலில் டிக்கெட் கிழிப்பார், கொழுந்தன் கோமாளி, புருஷன் யானைக்காரன். எல்லாம் தெரிந்துதான் கட்டிக்கொண்டாள். ஒன்று மட்டும் தெரியாமல் போயிற்று. அவன் யானையைக் 'கண்ணு' என்று கூப்பிடுவான், பெண்டாட்டியை 'இந்தா' என்பான்.

காலையில் கண் விழித்ததும், சக்கரம் வைத்த அவர்கள் வீட்டுப் படியில் நின்றபடியே, "கண்ணு, தூங்கினியா?" என்று குரல் கொடுப்பான். அந்தக் குரலில் ஒரு குழைவு இருக்கும். உள்ளே பாயைச் சுருட்டிக்கொண்டிருக்கும் தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வரும். தான் தூங்கினாளா, கொட்டக்கொட்ட விழித்திருந்தாளா என்று ஒரு நாள் கேட்டிருப்பானா? அவள் நீட்டும் டீயை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். யானை தன் ரொட்டியில் பாதியைத் தும்பிக்கையால் நீட்டினால், எச்சில் என்றுகூடப் பாராமல் வாங்கித் தின்பான்.

ஆட்டத்தில் ஒரு கட்டம் உண்டு. அவன் மண்ணில் மல்லாந்து படுத்துக்கொள்வான், யானை முன்காலைத் தூக்கி அவன் நெஞ்சுக்கு மேல், சட்டைப் பொத்தான் உரசும் தூரத்தில் நிறுத்தும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். தையல்காரி திரைக்குப் பின்னாலிருந்து அவன் முகத்தை மட்டும் பார்ப்பாள். கண்ணை மூடி, மடியில் படுத்த குழந்தை மாதிரி கிடப்பான். 'என் பக்கத்துல இப்படி ஒரு நாள் நிம்மதியா படுத்ததில்லையே' என்று வயிறு எரியும்.

அந்த யானைக்கு நெற்றிப்பட்டை தைக்கும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. மூன்று வாரம் ஜிகினாவை ஒவ்வொன்றாகக் கோத்தாள்.

கோமாளி எட்டிப் பார்த்தான். "அண்ணி, சக்களத்தி இருக்கிறவங்க ஊர்ல எத்தனையோ பேர். மூணு டன்ல இருக்கிறது உங்களுக்கு மட்டும்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். சிரித்துக்கொண்டே பட்டையின் உட்புறம், நெற்றியில் படுகிற இடத்தில், முரட்டு நூலால் ஒரு முடிச்சைப் போட்டு வெட்டாமல் விட்டாள்.

அன்றைய ஆட்டத்தில் உறுத்தல் தாங்காமல் யானை தலையை உலுக்கி உலுக்கிப் பட்டையைக் கழற்றி எறிந்தது. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. ஆட்டம் முடிந்து அவன் பட்டையைத் தடவிப் பார்த்து, முடிச்சைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான்.

"இந்தா, பார்த்துத் தைக்கக் கூடாதா? நெத்தி செவந்துபோச்சு பாரு, பாவம்."

அவன் சந்தேகப்படவே இல்லை. அதுதான் அவளை அதிகம் குத்தியது. கத்தரியை எடுத்து முடிச்சை வெட்டினாள். ஆனாலும் அந்தப் 'பாவம்' அவள் காதிலேயே கிடந்தது.

நான்காவது வருஷம், லாரியில் சாய்த்து வைத்திருந்த பலகையிலிருந்து வழுக்கி விழுந்து அவன் தொடை எலும்பை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் படுக்கச் சொன்னார்கள். யானை அன்றோடு சாப்பாட்டை நிறுத்தியது. புல்லை எடுத்து முதுகில் போட்டுக்கொள்ளும், ரொட்டியைக் காலால் நசுக்கும். மூன்றாம் நாள் மாமனார் அவளிடம் வந்து நின்றார்.

"அம்மாடி, அவன் சட்டையைப் போட்டுக்கிட்டு நீ ஒரு தடவை போய்ப் பாரேன். வாசனைக்காவது சாப்பிடுதான்னு பார்ப்போம்."

வேண்டாவெறுப்பாகப் போட்டுக்கொண்டு போனாள். தும்பிக்கை ஆவலாக நீண்டது. காலர், கைமடிப்பு, பை என்று ஒவ்வொன்றாகத் தடவியது. பிறகு ஏமாற்றம் தெரிந்துபோய், அவள் முகத்தில் 'புஸ்' என்று ஊதிவிட்டுத் திரும்பிக்கொண்டது.

தையல்காரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டாள். ஒரு ஸ்டூலையும் கிழிந்த திரைச்சீலையையும் கொண்டுவந்து, யானையின் எதிரிலேயே உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள்.

"உனக்கு மட்டும்தான் அவர் இல்லையா? எனக்கும்தான் இல்ல. நான் திங்காமயா இருக்கேன்? நாலு வருஷமா எங்கிட்ட ஒரு நல்ல வார்த்தை பேசினதில்ல, தெரியுமா? எல்லாத்தையும் உங்கிட்டயே கொட்டித் தீர்த்தாச்சு. அப்புறம் உனக்கென்ன குறை?"

மத்தியானம் வரை திட்டினாள். திட்டத் திட்ட, எதற்காகத் திட்டுகிறாள் என்பதே மறந்துபோய், பிறந்த வீட்டுக் கதை, தையல் கற்ற கதை எல்லாம் வந்தது. நூல்கண்டு கைதவறி உருண்டது. யானை அதை எடுத்து அவள் மடியில் வைத்தது. அவள் கை தானாக ரொட்டியை நீட்டியது. யானை வாங்கித் தின்றது.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "கண்ணு சாப்பிட்டாளா?"

"வயிறு முட்டச் சாப்பிட்டா."

"யாரு குடுத்தா?"

"நான்தான். என்னைத் தவிர யாரு குடுத்தாலும் தொட மாட்டேங்கிறா."

கடைசி வார்த்தை பொய். ரொட்டியை அப்போது கோமாளி கொடுத்தாலும் யானை தின்றது. ஆனால் அவன் முகம் சுண்டிப்போவதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. அன்றிலிருந்து தினமும் ஒரு செய்தி கொண்டுபோனாள். "குளிப்பாட்டினா காதை ஆட்டுறா." "நான் எழுந்து போனா பின்னாலேயே வரா." நாள் போகப்போக அந்தப் பொய்களெல்லாம் நிஜமாகிவிட்டன.

அவன் ஊன்றுகோலோடு திரும்பிய அன்று யானை பிளிறியது, அவன் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தது. அவன் கண் கலங்கிவிட்டான். ஆனால் ஐந்தே நிமிஷத்தில் அது நகர்ந்துபோய்த் தையல்காரியின் ஸ்டூல் பக்கம் நின்றுகொண்டது.

இரண்டு நாள் அவன் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், "என்ன சொக்குப்பொடி போட்ட?" என்றான்.

"உக்காந்து பேசினேன். நீங்களும்தான் பேசிப் பாருங்களேன், மனுஷங்ககிட்ட."

அவனுக்குக் கால் சரியாக மடங்காததால் அதன்பிறகு யானையோடு வளையத்தில் இறங்கியவள் அவள்தான். அவன் ஓரத்தில் உட்கார்ந்து, "கையை அவ்வளவு தூக்காத, அவளுக்குப் பிடிக்காது" என்று குறை சொல்வான். அவளோ வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் தூக்குவாள். இந்தப் போட்டி ஒன்பது வருஷம் நடந்தது.

பிறகு சர்க்கஸில் மிருகங்கள் கூடாதென்று சட்டம் வந்தது. ஒரு காலைப்பொழுதில் பெரிய லாரி வந்து, யானையை எங்கோ மலையடியில் இருந்த காப்பகத்துக்கு ஏற்றிப்போயிற்று. கூடாரமும் அதிக நாள் நிற்கவில்லை. அவள் டவுனில் தையல்கடை வைத்தாள். அவன் கடைக்குப் பொத்தான் தைத்தான், காஜா எடுத்தான்.

ஒரு வருஷம் கழித்து இருவரும் பஸ் ஏறிக் காப்பகத்துக்குப் போனார்கள். வழியெல்லாம் யானை முதலில் யாரிடம் வரும் என்பதுதான் சண்டை. வேலியோரம் போனதும் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"கண்ணு!"

யானை திரும்பியது. மெதுவாக வந்தது. அவனை ஒரு தடவு, அவளை ஒரு தடவு. அதற்குள் குளத்துப் பக்கமிருந்து, காது நுனி கிழிந்த ஒரு கிழட்டு யானை அடித்தொண்டையில் உறுமியது. அவ்வளவுதான். கண்ணு திரும்பிக்கூடப் பாராமல் அதனிடம் போய், தும்பிக்கையோடு தும்பிக்கை கோத்துக்கொண்டது. சாயங்காலம் வரை இந்தப் பக்கம் வரவே இல்லை.

"அது யாரு?" என்று அவன் காவலாளியிடம் கேட்டான், சம்பந்தி வீட்டைப் பற்றி விசாரிக்கும் குரலில்.

"அவ கூட்டாளி சார். ஒண்ணை விட்டு ஒண்ணு சாப்பிடாது."

திரும்பும் பஸ்ஸில் அவன் இருவருக்கும் டிக்கெட் எடுத்தான். பிறகு அவன்தான் ஆரம்பித்தான்.

"அந்தக் காதறுந்தவ மூஞ்சியைப் பார்த்தியா?"

"பார்த்தேன். சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல."

"நடையும் சரியில்ல."

"எப்படித்தான் இவளுக்குப் பிடிச்சுதோ."

இறங்கும் இடம் வரும்வரை அந்தக் கிழட்டு யானையைத் துண்டு துண்டாக அலசினார்கள். கல்யாணமானதிலிருந்து இருவரும் அவ்வளவு நேரம் ஒத்துப்போய்ப் பேசியது அன்றுதான்.