ஓடுவதற்கு வாங்கிய சப்பாத்து

இந்த ஆண்டு உடம்பைக் கவனிப்பேன், தினமும் ஓடுவேன் என்று முடிவெடுத்துத்தான் அந்தச் சப்பாத்தை வாங்கினேன். வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பெர்மாஸ் ஜெயா பூங்காவில் ஒரு நாள்கூட ஓடவில்லை. எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போக, விடியுமுன் பேருந்தைப் பிடிக்க ஓடியதோடு சரி.

ஒருநாள் எல்லையில் குடிநுழைவுச் சோதனை வரிசையில் நிற்கும்போது சப்பாத்தின் அடிப்பாகம் பிய்ந்துகொண்டது. பின்னால் நின்ற பெண் தன் தலைமுடி ரப்பரைக் கழற்றி, குனிந்து கட்டிவிட்டாள்.

“ஜாகிங் போவீங்களாக்கா?”

“ஆமா” என்று கூசாமல் பொய் சொன்னேன்.

“நானும் அதுக்குத்தான் வாங்கினேன். எங்கக்கா முடியுது? அடுத்த வருசமாச்சும் ஓடணும் லா.”

அப்போதுதான் அவள் கால்களைப் பார்த்தேன். பிறகு வரிசை முழுக்கப் பார்த்தேன். எல்லார் காலிலும் ஓடுவதற்கான சப்பாத்து. வரிசை நகரவில்லை.

போன வாரம் புதிது வாங்கினேன். இம்முறை முடிவு எதுவும் எடுக்கவில்லை. நிற்பதற்கு வசதியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.